கிளிப்பைச் சுற்றிய கல்

பித்தப்பையை எடுத்துப் பல வருஷம் ஆன என் அம்மாவுக்குக் கண் மஞ்சளித்தபோது, தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் ஒருவருக்கும் அந்தப் பழைய ஆபரேஷன் நினைவுக்கு வரவில்லை. தெருவே கீழாநெல்லியைச் சொன்னது. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். பித்தக்குழாயில் கல். அதன் நடுவே அந்த ஆபரேஷனில் போட்ட உலோகக் கிளிப்.

“பையத்தான் எடுத்தாச்சேய்யா, பெறவு கல்லு எங்கிட்டிருந்து வந்துச்சு?” என்று அம்மா கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் 1882இல் தொடங்குகிறது. அதற்கு முன் பையைத் திறந்து கல்லை மட்டும் எடுப்பார்கள். கல் மறுபடி வளரும். கல் விளையும் பையையே எடுத்துவிட வேண்டும் என்று வாதிட்ட கார்ல் லாங்கன்புக், அந்த ஆண்டு ஜூலை 15 அன்று பெர்லினில் அதைச் செய்தும் காட்டினார். 1985இல் ஜெர்மனியின் எரிக் மூஹே சிறு துளை வழியாகவே பையை எடுத்தார். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்தன் உத்வாடியா அம்முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். துளைக்குள் நீண்ட கருவியை விட்டு நூலால் முடிச்சுப் போடுவது சிரமம். அதனால் பையின் குழாயை டைட்டானியம் கிளிப்பால் அடைப்பது வழக்கமாயிற்று.

கோடிக்கணக்கானோர் அந்தக் கிளிப்போடு நலமாக இருக்கிறார்கள். மிக அரிதாக ஒன்று மட்டும் மெல்ல நகர்ந்து பெரிய பித்தக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. வயிற்றைத் திறந்து செய்த காலத்திலேயே, 1979இல், இப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு 20 ஆண்டு கழித்தும் நேர்ந்திருக்கிறது.

அம்மாவுக்கு வேப்பலோடை முத்து வளர்ப்பைச் சொல்லி விளக்கினேன். 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோக, அப்பா சங்கு குளிக்கப் போனார். 1973இல் வேப்பலோடையில் ஆய்வாளர் அழகர்சாமியின் குழுவினர் சிப்பிக்குள் ஒரு மணியையும் சிப்பிச் சதைத் துணுக்கையும் வைத்து முத்து விளைவித்தார்கள். மணிமேல் முத்துப்பூச்சு படிவதுபோல, கிளிப்மேல் பித்தம் படிந்து கல்லாகிறது. முத்துக்காரர் வீட்டு மனுஷி, உடனே புரிந்துகொண்டாள்.

கல்லை எடுக்க வயிற்றைக் கிழிக்கவில்லை. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, குழாயின் வாயைச் சற்றே வெட்டி, கல்லையும் கிளிப்பையும் சேர்த்தே எடுத்தார்கள். 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பிறந்த முறை அது.

அதற்குள் காய்ச்சல் அம்மாவை வெகுவாக உருக்கிவிட்டது. இப்போது தெருவில் யாருக்காவது கண் மஞ்சளித்தால், பித்தப்பை ஆபரேஷன் ஆனவரா என்றுதான் முதலில் கேட்கிறேன். ஆமென்றால் பழைய சீட்டுகளைத் தேடி எடுக்கச் சொல்லி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.