ஒரு கல்வெட்டு, மூன்று கட்டுரைகள்

மதுரையிலிருந்து மேலூர் பக்கம் போனால் மாங்குளம் வரும். அங்குள்ள மலையில் சமண முனிவர்கள் தங்கிய குகைகள் இருக்கின்றன. அவற்றின் பாறையில் வெட்டியிருந்த எழுத்துகளை 1882-ல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். பிறகு அழகர்மலை, திருப்பரங்குன்றம், கீழவளவு என்று மதுரையைச் சுற்றிப் பல குன்றுகளில் இதே மாதிரி எழுத்துகள் கிடைத்தன.

எழுத்து, அசோகர் காலத்துப் பிராமி போல இருந்தது. சரி, மொழி எது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க 80 வருடங்களுக்கு மேல் ஆனது. அந்தப் பதில் மாநாட்டுக் கட்டுரைகள் வழியாகத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

1919-ல் புனேயில் முதல் அகில இந்திய கீழ்த்திசை மாநாடு நடந்தது. அதில் எச். கிருஷ்ண சாஸ்திரி இந்தக் குகைக் கல்வெட்டுகள் பற்றிக் கட்டுரை அளித்தார். ஆனால் வரிகள் முழுதாகப் பொருள் தரவில்லை. இவை பிராகிருதம் என்ற எண்ணமே அறிஞர்களிடம் வலுவாக இருந்தது.

1924-ல் அதே மாநாடு சென்னையில் கூடியது. கே.வி. சுப்பிரமணிய அய்யர் தன் கட்டுரையில், "இது தமிழ்" என்ற முடிவை முன்வைத்தார். ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் இதில் இருக்கின்றன. வடமொழிக்கு வேண்டிய வர்க்க எழுத்துகள் அநேகமாக இல்லை. இதுதான் அவருடைய வாதம். எவ்வளவு எளிமை பாருங்கள்! ஆனாலும் எல்லோரும் ஏற்கவில்லை. அதற்குப் பிறகும் பிராகிருதம் என்றே படித்தவர்கள் உண்டு.

காரணம், எழுதிய முறையில் ஒரு சிக்கல் இருந்தது. அசோகர் பிராமியில் வெறும் குறி 'க', கோடு சேர்த்தால் 'கா'. மாங்குளத்திலோ வெறும் குறி 'க்', கோடு சேர்ந்தது 'க' என்றும் வரும். இந்த முறையில் 'மகன்' என்று எழுதினால், வடக்கு முறைப்படி படிப்பவருக்கு அது 'மாகான' ஆகிவிடும்!

இந்தச் சிக்கலை விளக்கியவர் ஐராவதம் மகாதேவன். அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, கல்லூரியில் படித்தது வேதியியலும் சட்டமும். 1960-களில் குன்று குன்றாக ஏறிக் கல்வெட்டுகளை நேரில் பார்த்துப் படித்தார். 1966-ல் சென்னையில் நடந்த கல்வெட்டுக் கருத்தரங்கில் தன் தொகுப்பை அளித்தார். 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டிலும் இதைப் பற்றிக் கட்டுரை அளித்தார். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் தெளிவாகியது. சங்க இலக்கியத்தில் மட்டும் பார்த்த பெயர் கல்லிலும் இருந்தது!

2003-ல் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. இது தமிழ் என்று முதலில் கண்டவர் சுப்பிரமணிய அய்யர்தான் என்று மகாதேவன் எழுதியிருக்கிறார். 1924 மாநாட்டில் அந்தக் கட்டுரையை எல்லோரும் ஏற்கவில்லைதான். ஆனால் அது மாநாட்டுத் தொகுதியில் அச்சாகி இருந்தது. 40 வருடம் கழித்து வந்த ஒருவர் அதை எடுத்துப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது.