தியாகிகளை மதிக்கச் சில யோசனைகள்

ஒரு தேசம் தன் வீரர்களுக்கு எப்படிக் கைம்மாறு செய்யணும்? அரசுக்குச் சில யோசனைகள் சொல்லலாம். புதுசா எதுவும் வேண்டாம். வ.உ.சி. விசயத்தில் நடந்ததையே சட்டமாக்கினால் போதும்.

ஒன்று: உயிரோடு இருக்கும்வரை வீரரைக் கண்டுகொள்ளக் கூடாது. 1906இல் பங்கு 25 ரூபாய் என்று பணம் திரட்டி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் விட்டவர் வ.உ.சி. 1908இல் சிறை. 1912 கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் அரிசிக் கடை வைத்தார்.

இரண்டு: அவருக்குச் சேரவேண்டிய பணத்தை இழுத்தடிக்கணும். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்கென்று காந்தியிடம் கொடுத்தது 347 ரூபாய் 12 அணா. 1915இல் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, 1916இல்தான் கைக்கு வந்தது.

மூன்று: சன்னதை மீட்டுத் தருவதை வெள்ளைக்காரருக்கே விட்டுவிடணும். வாலஸ் என்ற நீதிபதி அதைச் செய்தார். வ.உ.சி. நன்றியோடு மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வைத்தார்.

நான்கு: செத்தபிறகு தாராளம் காட்டணும். 1936இல் இறந்தவருக்கு 1972இல் தபால்தலை, 2011இல் துறைமுகத்துக்கே அவர் பெயர். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு, கிண்டி காந்தி மண்டபத்தில் காட்சிக்கு இருக்கிறது.

இந்தச் செக்குதான் இடிக்குது. 'செக்கிழுத்த செம்மல்' என்கிற பட்டம், அவர் செய்ததைப் பற்றியதில்லை. அவருக்குச் செய்யப்பட்டதைப் பற்றியது. பட்ட துன்பத்துக்கு எந்த அரசும் கண்ணீர் விடலாம், செலவில்லை. ஆனா செய்த காரியம் அப்படியா? 1908 பிப்ரவரி, மார்ச்சில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தாங்க. வ.உ.சி. கூட நின்றார். ஜெயிச்சாங்க. சில நாளிலேயே, மார்ச் 12இல், அவர் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தாங்க. செக்கு தெரிஞ்ச நமக்கு அந்த நாலு பேரைத் தெரியுமா? தியாகி என்கிற பிம்பத்துக்கு இந்தக் கூட்டம் இடைஞ்சல். அதனால வரலாற்றிலிருந்து அவரைத் தனியா உருவி எடுத்து, கல்லாக்கி நிறுத்தியாச்சு.

ஆகவே கடைசி யோசனை. செக்குக்குப் பக்கத்தில் மில் தொழிலாளர்களின் கோரிக்கைகளையும் எழுதி வைக்கலாம். ஒரு ஆபத்து இருக்கு. படிக்கிறவங்க தங்கள் கூலியையும் லீவையும் கணக்குப் பார்த்தால் வ.உ.சி. திரும்ப உயிரோடு வந்திடுவார். அப்புறம் முதல் யோசனைப்படி அவரைக் கண்டுகொள்ளக் கூடாது.