மெல்லிய வாள் யாருடைய கையில்?

ஸ்குரோல் சோ என்கிற சின்ன வாள் மெசினை எங்களில் கனபேர் யூடியூப்பில்தான் முதலில் பார்த்திருப்போம். ஒரு இரும்பு மேசை. நடுவில் ஒரு துளை. அந்தத் துளைக்குள்ளால் மேலும் கீழுமாய் ஓடுகிற, நூல் மாதிரி மெல்லிய ஒரு வாள் அலகு. சாமான் அவ்வளவுதான். ஆனால் அதில் பலகையைப் பிடித்துத் திருப்பத் தெரிந்தவர் ஒரு சாதாரணப் பலகைக்குள்ளிருந்து மயிலையும் கொடியையும் எழுத்தையும் வெட்டி எடுக்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் அலகை எவ்வளவு இறுக்கவேணும், எந்த மரம் வெடிக்காது என்று கேட்டுப் பழகுகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் இப்படிக் கூடுகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருப்பார், லொறிச் சாரதி இருப்பார், தாதி இருப்பார். தச்சுவேலையால் சோறு தின்கிறவர் அநேகமாய் ஒருவரோ இருவரோதான்.

இந்தக் காட்சி ஏன் எங்களுக்குப் புதுசாய்த் தெரியுது? மரவேலை எங்களுக்குப் புதுசில்லை. தச்சர் இல்லாத ஊர் எங்களிட்ட இல்லை. தச்சர் அல்லாத ஆட்கள் கூடியிருந்து, ஆசைக்காகத் தச்சுவேலை பழகுவதுதான் புதுசு. ஒரு வேலையைப் பழக யாருக்கு உரிமை இருக்கு என்ற கேள்வி அதுக்குள்ள ஒளிச்சிருக்கு. அந்தக் கேள்வியோடு இந்த வாளின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

17ஆம் நூற்றாண்டுப் பாரிசில் அந்த்ரே-ஷார்ல் பூல் (1642–1732) என்று ஒரு தளபாடக் கலைஞர் இருந்தார். 1672இல் பதினான்காம் லூயி மன்னரின் அரச கைவினைஞராகி, லூவர் அரண்மனையிலேயே இடம் பெற்றவர். அவருடைய பெயரிலேயே இன்றும் அழைக்கப்படுகிற ஒரு முறை இருக்கு. ஆமையோட்டுத் தகடு ஒன்றையும் பித்தளைத் தகடு ஒன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாய் ஒட்டி, மேலே கோலத்தை வைத்து, மெல்லிய வாளால் இரண்டையும் சேர்த்தே வெட்டுவது. பிறகு பிரித்தால், ஆமையோட்டுப் பின்னணியில் பித்தளைப் பூ ஒன்று கிடைக்கும். பித்தளைப் பின்னணியில் ஆமையோட்டுப் பூ இன்னொன்று கிடைக்கும். ஒரே வெட்டு, இரண்டு மேசைக்கு அலங்காரம். வீணாய்ப் போவது வாள் தின்ற தூள் மட்டும்.

இந்த முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. உச்சத்துக்குக் கொண்டுபோனவர் அவர். ஆனால் அந்த நாளில் ஒரு பாரிஸ் இளைஞர் 'எனக்கும் இதைப் பழக ஆசை' என்று போய் நின்றுவிட முடியாது. கைவினைகள் தொழிற்சங்கங்களின் கைக்குள் இருந்தன. அவை இன்றைய தொழிலாளர் சங்கம் மாதிரியானவை அல்ல. யார் பழகலாம், எத்தனை வருடம் பழக வேணும், யார் கடை போடலாம் என்று தீர்மானித்த மூடிய அமைப்புகள். மாஸ்டரின் மகனுக்குக் கட்டணமும் நிபந்தனையும் குறைவு, வெளியாளுக்குக் கூட. பூலின் பட்டறையும் பிறகு அவருடைய மகன்மாரிடம்தான் போனது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1791இல், இந்தச் சங்கங்கள் சட்டத்தால் கலைக்கப்பட்டன.

சட்டம் கதவைத் திறந்தாலும், உள்ளே போகக் கருவி வேணுமே. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. எங்கட அம்மம்மாக்கள் காலால் மிதித்த தையல் மெசினை நினைத்துப் பாருங்கள். அதே மாதிரிக் கால்மிதியில் ஓடும் சின்ன வாள் மெசின்கள் அமெரிக்காவில் பரவலாய் விற்பனைக்கு வந்தன. இலினோய் மாநிலத்தின் ரொக்போர்ட் நகரத்து பார்ன்ஸ் நிறுவனம் அப்படியான மெசின்களுக்குப் பேர்போனது. தொழிற்சாலையில் செய்த மலிவான அலகுகள், மெல்லிதாய் அறுத்த பலகைகள், காகிதத்தில் அச்சடித்த கோலங்கள் எல்லாம் கூடவே வந்தன. 1877இல் ஹென்றி ரி. வில்லியம்ஸ் என்பவர் இந்த வேலை பழகுவதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். மெல்லிய வாள் வேலை 'இன்பத்துக்கும் இலாபத்துக்கும்' என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். அந்த இரண்டு சொல்லையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கோ. இந்த வரலாறு முழுக்க அவை இரண்டும் ஒன்றோடு ஒன்று இழுபட்டுக்கொண்டே வருது.

இங்கிலாந்தில் இந்த ஆசைக்கு ஒரு ஊரே மையமானது. நோஃபோக் பகுதியிலுள்ள டெரம் என்ற சிறு பட்டணம் அது. அங்கிருந்த ஹொபிஸ் நிறுவனம் 1895இல் அதே பெயரில் ஒரு வார இதழைத் தொடங்கியது. இதழோடு வெட்டுக் கோலம் ஒன்று இலவசமாய் வரும். பலகை, அலகு, பிணைச்சல், மெசின் எல்லாவற்றையும் தபாலில் எடுப்பிக்கலாம். குரு இல்லை, சங்கம் இல்லை, ஏழு வருடப் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் குசினி மேசையில் வைத்து அப்பாவின் படத்துக்குச் சட்டம் வெட்டிவிடலாம். 1960கள் வரைக்கும் அந்த இதழ் வந்தது. அரண்மனைக்கு மட்டும் போன வேலை தபால்காரரின் பையில் ஏறி வீடு வீடாய்ப் போனது என்றால் மிகையில்லை.

வாள் பெரிதானபோது வீடுகளின் முகமே மாறியது. அமெரிக்காவில் ஆவி இயந்திரத்தில் ஓடிய வாள்கள் கூரை விளிம்புக்கும் விறாந்தைக்கும் சரிகை மாதிரியான பலகைகளை வெட்டித் தள்ளின. மசசூசெற்ஸ் மாநிலத்தில் மார்தாஸ் வின்யார்ட் தீவில் ஓக் பிளஃப்ஸ் என்று ஒரு ஊர் இருக்கு. 1835இல் கூடாரம் அடித்துச் செபக்கூட்டம் வைக்கத் தொடங்கிய இடம் அது. பிறகு கூடாரங்கள் சின்ன மரவீடுகளாயின. இன்றைக்கும் அங்கே 300க்கு மேற்பட்ட வீடுகள் அந்தச் சரிகை வெட்டோடு நிற்கின்றன. இதே குடும்பத்து வேலையை எங்கட பக்கத்திலும் காணலாம். பிரித்தானியர் காலத்து ரயில் நிலையங்களின் கூரை விளிம்பில் வரிசையாய்த் தொங்கும் கூர்வெட்டுப் பலகைகளையும், பழைய வீடுகளில் நிலைக்கு மேலே காற்று வரவென்று பூவும் கொடியுமாய்த் துளைத்த பலகைகளையும் ஒருக்கா நின்று நிமிர்ந்து பாருங்கள்.

இன்பமும் இலாபமும் ஒன்றோடு ஒன்று மோதிய இடம் ஜிக்சோ புதிர். 1760களில் லண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் உலக வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாய் வெட்டி, பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்க விற்றார். புதிரின் தொடக்கம் அதுதான். 1909இல் அமெரிக்காவில் புதிர் மோகம் தலைக்கேற, பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மற்ற விளையாட்டுச் சாமான்களை நிறுத்திவிட்டுப் புதிர் மட்டுமே செய்தது. வெட்டியவர்கள் பெண்கள். ஒரு நாளைக்கு 1,400 துண்டு வெட்டவேணும் என்பது கணக்கு. பணக்கார வீடுகளின் மாலைப் பொழுதுபோக்கு, அந்தப் பெண்களுக்கு நாள்முழுக்க விரலைக் கூர்மைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற வேலை. 'பொழுதுபோக்கு' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யாருடைய பொழுது, யாருடைய வேலை என்று நாங்கள் கேட்கவேணும்.

பிறகு பெருமந்தம் வந்தது. 1932, 1933 ஆண்டுகளில் வேலை போன தச்சர்களும் கட்டடக்கலைஞர்களும் வீட்டில் சும்மா கிடந்த வாளை எடுத்துப் புதிர் வெட்டினார்கள். மருந்துக் கடைகளும் நூலகங்களும் அவற்றை வாடகைக்குக் கொடுத்தன. ஆசைக்குப் பழகிய கை, அடுப்பு எரியவும் உதவியது. ஆனால் அதே காலத்தில் அச்சில் அடித்து வெட்டிய மட்டைப் புதிர்கள் 25 சதத்துக்குக் கடைக்கு வந்துவிட்டன. அந்த விலைக்குக் கையால் வெட்டியவர்களால் நிற்க முடியவில்லை. வாளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மெசின்தான்; வாளால் கிடைத்த சோற்றைப் பறித்ததும் மெசின்தான்.

அதோடு இந்தக் கலை செத்துப்போயிருக்க வேணும். சாகவில்லை. 1970களில் ஜெர்மனியின் ஹெக்னர் மெசின்கள் அலகின் இழுவையை ஒரே சீராய் வைத்திருக்கும் அமைப்போடு வந்தன. அலகு முறிவது குறைந்தது, நுணுக்க வேலை லேசானது. 1980களில் விஸ்கான்சின் மாநிலத்து பற்றிக் ஸ்பில்மன் எழுதிய கைநூல்களும் கோலப் புத்தகங்களும் ஒரு புதிய தலைமுறையை இழுத்தன. அதே மாநிலத்தில் ரிச்லண்ட் சென்டர் என்ற சின்ன ஊரில் இந்த வாளுக்கென்றே ஆண்டுதோறும் கூடுகிற வழக்கமும் உருவானது.

இப்படியான கூடல்களில் என்ன பழகுகிறார்கள்? முதல் பாடம் கையில். வாள் அசையாது, பலகைதான் திரும்பும். பேனையை நகர்த்திப் பழகிய எங்களுக்கு, காகிதத்தை நகர்த்தி எழுதுகிற மாதிரி அது. இரண்டாவது பாடம் காதில். இறுக்கிய அலகை விரலால் சுண்டினால் வீணைத் தந்தி மாதிரித் தெளிவான ஒலி வரவேணும். மந்தமாய்க் கேட்டால் இன்னும் இறுக்கவேணும். மூன்றாவது, அலகின் குணம். அச்சில் அடித்து எடுக்கிற அலகின் ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிர் இருக்கும். அதனால் வெட்டு ஒரு பக்கமாய் இழுக்கும். பலகையை நேராய்த் தள்ளினால் கோடு தவறும். கொஞ்சம் கோணமாய்த் தள்ளினால் நேராய்ப் போகும். உள்வெட்டு வேணுமென்றால் முதலில் சின்னத் துளை போட்டு, அலகைக் கழற்றி அதுக்குள்ளால் கோத்துத் திரும்பப் பூட்டவேணும். ஒரு மயில்தோகைக்கு நூறு துளை என்றால் நூறு தரம் கழற்றிப் பூட்டவேணும். பொறுமையை இதைவிட நல்லாய்ச் சொல்லித்தர ஒரு வாத்தியார் தேவையில்லை.

கொஞ்சம் கை தேறியவர்கள் மூன்று மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாய் ஒட்டி ஒரே வெட்டாய் வெட்டுவார்கள். கறுப்பு மரத்தில் வெள்ளைப் பூவும், வெள்ளை மரத்தில் கறுப்புப் பூவும் மாற்றிப் பொருத்துவார்கள். லூவர் அரண்மனையில் பூல் செய்த அதே வேலைதான். இப்போது அதை ஒரு லொறிச் சாரதி ஒரு தாதிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இனி எங்கட கதைக்கு வருவோம். எங்களிட்டச் சட்டம் எழுதிய சங்கம் இருக்கவில்லை. அதைவிட இறுக்கமான ஒன்று இருந்தது. தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், சிற்பர் என்று வேலையே பிறப்பின் பெயரானது. தேர்களிலும் வாகனங்களிலும் நாங்கள் கும்பிடுகிற யாளியையும் குதிரையையும் செதுக்கிய கைகளை, திருவிழா முடிந்த பிறகு எங்கே வைத்தோம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளை உளியை எடுத்தால் 'உனக்கேன் உந்த வேலை' என்றோம். அந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை உளியை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தபோதும் அதையேதான் கேட்டோம்.

1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் இங்கே ஞாபகம் வருது. பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில். கைவேலை நல்லது என்ற வாதம் அதுக்குள்ளும் இருந்தது. ஆனால் தகப்பன் தொழிலே பிள்ளைக்கு என்று ஆகிவிடும் என்று பெரியார் உட்பட்டவர்கள் எதிர்த்தார்கள். 'குலக்கல்வி' என்று பெயர் விழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். பிறப்பால் திணிக்கிற கைவேலை விலங்கு. விரும்பி எடுக்கிற கைவேலைக்குத்தான் அதை உடைக்கிற பலம் இருக்கு. தச்சரின் மகள் மருத்துவராய் வரவும், மருத்துவரின் மகன் தச்சராய் வரவும் ஒரே வழி திறந்திருக்கவேணும்.

வெளிநாட்டுக் கூடல்களை அப்படியே கண்ணை மூடிக்கொண்டு புகழவும் வேண்டாம். ஓய்வூதியம், சொந்தக் கராஜ், விலையான மெசின் எல்லாம் இருக்கிறவருக்கு ஆசைக்குப் பழகுவது லேசு. எங்களுக்கு அது கஷ்டம். இன்னொன்றும் இருக்கு. எங்கட பட்டணங்களில் லேசர் மெசின் இப்போது கலியாணப் பெயர்ப்பலகையை நிமிசத்தில் வெட்டித் தருது. கைத்தச்சருக்கு அது 25 சத மட்டைப் புதிர் மாதிரித்தான். அவருடைய வேலையைக் காசு கொடுத்து வாங்க மாட்டோம், ஆனால் வித்தையை மட்டும் சும்மா பழகுவோம் என்று போய் நின்றால் அது களவு.

ஆகவே நாங்கள் கூடுவதென்றால் ஒழுங்காய்க் கூடுவோம். கையால் பிடிக்கிற மெல்லிய வாளுக்குக் கரண்டும் தேவையில்லை. தளபாடக் கடையில் மிஞ்சுகிற பிளைவூட் துண்டு போதும். எங்கட சனசமூக நிலையங்களில் பின்னேரம் பேப்பர் வாசித்து முடிந்த மேசை சும்மாதான் கிடக்குது. ஊரில் இருக்கிற தச்சு ஐயாவை ஆசிரியராய் அழைப்போம். நாட்கூலியைக் குறையாமல் கொடுப்போம். அவரைக் கதிரையில் இருத்தி, அவர் பெயரைப் பலகையில் எழுதுவோம். பெடியளும் பெட்டையளும், எந்தக் குறிச்சியில் இருந்து வந்தாலும், ஒரே மேசையைச் சுற்றி நிற்பார்கள். முதல் நாள் ஒரு வளைகோடு போதும். அந்தக் கோட்டை விட்டு வாள் விலகும்போது, பக்கத்தில் நிற்கிறவர் எந்தத் தெரு என்று கேட்காமல் 'பலகையைக் கொஞ்சம் கோணமாய்ப் பிடி' என்று சொல்லவேணும். பழக வேண்டியதில் பாதி அதுதான்.