ஃபாபரின் தரிசு நிலம்

தென் பிரான்சின் செரீஞான் சிற்றூரில், கல்லும் முள்ளும் மண்டிக் கிடந்த ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் தரிசு நிலத்தை 1879-இல் வாங்கிய பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாபர், 1915-இல் மறையும்வரை அங்கேயே தங்கி, குளவி, வண்டு, சிலந்தி ஆகியவற்றின் வாழ்வைக் கூர்ந்து நோக்கினார். இறந்த பூச்சிகளைக் குண்டூசியில் குத்தி வகைப்படுத்துவதே பெரிதாக மதிக்கப்பட்ட காலத்தில் இது துணிவான மாற்றமாகும். அவருடைய ஒரு சோதனையில், முன்செல்லும் புழு விட்டுச்செல்லும் பட்டிழையைப் பற்றி வரிசையாக நகரும் பைன் மரக் கம்பளிப்புழுக்கள் ஒரு பெரிய பூந்தொட்டியின் விளிம்பில் ஏறி வட்டமிட்டபோது, கீழிருந்து வந்த இழையை அவர் துடைத்தெடுக்க, அவை பசியிலும் குளிரிலும் ஏழு நாள் சுற்றிக்கொண்டே இருந்தன. இயல்புணர்ச்சி, அதாவது பிறவியிலேயே அமைந்த நடத்தை, சூழலுக்கேற்ப எளிதில் மாறுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அவருடைய பூச்சியியல் குறிப்புகள் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தன. அந்நிலம் இன்று பிரான்சின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளது.