எரிக்கச் சொன்ன கடிதங்கள்

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் தன் மனைவி மார்த்தாவுக்கு என்னென்ன எழுதினார் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை அந்த அம்மையார் எரித்துவிட்டார். தப்பிப் பிழைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ், அவர் மனைவி அபிகெயில் கதை இதற்கு நேர் எதிர். 1762 முதல் 1801 வரை இருவரும் எழுதிக்கொண்டதில் 1,100க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

இத்தனைக்கும் இவற்றையும் எரித்துவிடச் சொன்னவர் அபிகெயில்தான்! அவர் பள்ளிக்கூடமே போனதில்லை. வீட்டில் படித்ததுதான். தன் எழுத்துப்பிழைகளை ஊரார் பார்த்துவிடுவார்களோ என்று அவருக்குக் கூச்சம். கணவரின் சட்டைப்பையிலிருந்து கடிதம் தவறி விழுந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயம் வேறு. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. 1775 ஜூலையில் ஜான் எழுதிய சில கடிதங்கள் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கின. உடன் இருந்த அரசியல்வாதி ஒருவரைப் பற்றி அவர் கிண்டலாக எழுதியிருந்தது உட்பட எல்லாம் பாஸ்டன் பத்திரிகையில் அச்சாகி மானம் போனது. அப்படியும் 1776 ஏப்ரலில் ஜான் எழுதிய பதில், முதலில் உன்னை மறக்க வேண்டும், அப்புறம்தான் உன் கடிதத்தை எரிக்க முடியும் என்ற பொருளில் இருந்தது. அதோடு விடவில்லை. அதே ஆண்டு ஜூனில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் வாங்கி, தான் எழுதும் கடிதங்களுக்கு அதில் நகல் எடுக்க ஆரம்பித்தார். தான் அனுப்பியவற்றைப் பத்திரமாக எடுத்துவைக்கும்படி மனைவிக்கும் எழுதினார். வரலாற்றில் நமக்கு ஓர் இடம் உண்டு என்ற நினைப்பு அவருக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகம்தான்.

ஆரம்பகாலக் கடிதம் ஒன்று வணிகவியல் படிப்பவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். 1762 அக்டோபரில், திருமணத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு எழுதியது. இதைக் கொண்டுவருபவர் கேட்கும் அளவுக்கு முத்தங்களைக் கொடுத்துவிட்டு என் கணக்கில் பற்று எழுதிக்கொள்ளவும் என்று ஓர் உண்டியல் போலவே எழுதியிருக்கிறார். கொண்டுவருபவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கட்டில் உள்ளது எல்லாம் காதல் இல்லை. 1777 ஜூலை 10 அன்று, ஜான் பிலடெல்பியாவில் இருக்க, அபிகெயில் பிரசவ வலி வந்துபோகும் நேரத்திலேயே அவருக்கு எழுதினார். அடுத்த நாள் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அடுத்து வந்த கடிதத்தில்தான் ஜானுக்கு அது தெரிந்தது. அந்தக் காலத்துத் தபால் வேகத்தில், மகள் போய்ச் சில நாட்கள் ஆன பிறகுதான் தகப்பனுக்குச் சேதி.

1776 மார்ச் 31 கடிதம்தான் உலகப் புகழ் பெற்றது. புதிய சட்டங்கள் எழுதும்போது பெண்களையும் நினைவில் வையுங்கள், கணவர்கள் கையில் எல்லையில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்று அதில் கேட்கிறார். ஜான் பதிலில் சிரித்து மழுப்பிவிட்டார். இது வெறும் பேச்சுக்காகக் கேட்டது இல்லை. அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணின் பணமும் பொருளும் புருஷனுடையவை. தனியாகச் சொத்து வைத்துக்கொள்ளவோ உயில் எழுதவோ அவளுக்கு உரிமை கிடையாது.

அந்தச் சட்டத்துக்குள்தான் அபிகெயில் வியாபாரம் செய்தார். ஐரோப்பாவுக்குத் தூது போன ஜான், கைக்குட்டை, ரிப்பன் போன்ற சரக்குகளை அனுப்பிவைப்பார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் அவை நல்ல விலைக்குப் போயின. வந்த பணத்தில் நிலம் வாங்க வேண்டும் என்பது ஜானின் ஆசை. அபிகெயிலோ மதிப்பு இறங்கிக் கிடந்த அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கச் சொன்னார். பிற்பாடு லாபம் கொடுத்தது பத்திரம்தான். (அவரும் ஆசைப்பட்டு வெர்மாண்ட்டில் நிலம் வாங்கிப்போட்டது உண்டு. இனிமேல் வெர்மாண்ட் பக்கமே போகாதே என்று ஜான் எழுதினார்.) தன் கைப்பணம் என்று ஒரு பகுதியைத் தனியாகவும் வைத்துக்கொண்டார். கணவர் உயிரோடு இருக்கும்போது சட்டம் அதை ஏற்காது என்று தெரிந்தேதான்.

கடிதங்களைவிட ஆச்சரியமான காகிதம் 1816 ஜனவரியில் எழுதியது. தன் கையாலேயே எழுதிய உயில். மகன்கள் இருவருக்கும் பேருக்கு ஏதோ கொடுத்துவிட்டு, பணத்தையும் துணிமணி, நகைகளையும் பேத்திகள், மருமகள்கள், உறவுக்காரப் பெண்கள், வேலைக்காரப் பெண்கள் என்று பெண்களுக்கே பிரித்துக் கொடுத்திருக்கிறார். சட்டப்படி அது செல்லாத காகிதம். 1818 அக்டோபரில் அவர் இறந்தார். ஜான் நினைத்திருந்தால் ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். ஆனால் அதில் எழுதியிருந்தபடியே நிறைவேற்றச் செய்தார்.

காகிதங்கள் பிழைத்தது பிள்ளைகளால். எங்கள் ஆவணங்களுக்குத் தீப்பிடிக்காத கட்டடம் வேண்டும் என்பது மகன் ஜான் குவின்சி ஆடம்ஸின் விருப்பம். 1870ல் குவின்சி ஊரில் வீட்டை ஒட்டிக் கல்லாலேயே நூலகம் கட்டினார்கள். பேரன் சார்லஸ் பிரான்சிஸ் 1840ல் பாட்டியின் கடிதங்களை முதன்முதலாகப் புத்தகமாக்கினார். எழுத்துப்பிழைகளைத் திருத்தி, நாகரிகக் குறைவு என்று பட்டதை வெட்டியும்விட்டார். பாட்டிக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும், நமக்குத்தான் நஷ்டம்! 1956ல் குடும்பத்தார் எல்லாக் காகிதங்களையும் வரலாற்றுக் கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். இப்போது அவற்றின் படங்கள் கழகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. பேரன் திருத்திய பிழைகள் எல்லாம் அங்கே அபிகெயில் எழுதியபடியே இருக்கின்றன.