வழுதாவூர் ஜாகிரும் பாரிஸ் பங்குதாரர்களும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் விற்ற பணத்தோடு வந்த வல்லத்து நண்பர் ஒருவர், தொலைக்காட்சியில் வல்லுநர் ஒருவர் பரிந்துரைத்த பங்கை வாங்கலாமா என்று நம்மிடம் கேட்டார். நாம் சந்தை அறிந்தவரல்லர். ஆயினும் அவர் அடிக்கடி கடந்து செல்லும் செஞ்சிக் கோட்டையே இக்கேள்விக்குள் நுழைய ஒரு வாசல் என்று நமக்குத் தோன்றியது.

1750 செப்டம்பரில் புஸ்ஸியின் படை அக்கோட்டையை ஒரே இரவில் பிடித்தது. ராஜகிரியில் ஏறிய கொடி பிரெஞ்சுக் கொடிதான். செலவோ ஒரு வணிகக் கம்பெனியின் கணக்கில். அந்தக் கம்பெனிக்குப் பாரிஸில் பங்குதாரர்கள் இருந்தனர். அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை சூடு கண்டவர்கள். 1719இல் ஜான் லா என்பவர் பழைய கிழக்கிந்தியக் கம்பெனியைத் தம் மிசிசிப்பிக் கம்பெனியோடு இணைத்தார். 500 லிவர் முகமதிப்புள்ள பங்கு சில மாதங்களில் பத்தாயிரத்தைத் தொட்டது. பங்கைப் புகழ்ந்தவரும், அதை வாங்க நோட்டு அச்சடித்த வங்கியை நடத்தியவரும், 1720 ஜனவரியில் நிதியமைச்சரானவரும் ஒருவரே. அவ்வாண்டு டிசம்பரில் அவர் நாட்டைவிட்டே ஓடினார். அதே காலத்தில் பாரிஸில் வங்கி நடத்திய காந்தியோன், பங்கு வாங்குவோருக்குக் கடன் கொடுத்து, ஈடாகப் பெற்ற அப்பங்குகளைச் சத்தமின்றி விற்றுவிட்டார். வழக்குகள் பல ஆண்டு நீடித்தன. பொருளியல் நூல் எழுதிப் புகழ்பெற்றவரும் இவரே என்பதை நினைக்கையில், அறிவு என்பது வேறு, நம் பக்கம் நிற்பது என்பது வேறு என்று சொல்லத் தோன்றுகிறது.

டூப்ளேயின் கதை இவ்வளவு எளிதன்று. இந்திய நிலவருவாய் கம்பெனிக்கு நிலையான வருமானம் தரும், வணிகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 1753இல் அவர் மேலிடத்துக்கு எழுதினார். இந்நிலத்தை அவரைவிட அறிந்த பிரெஞ்சுக்காரர் அரிது. ஆனால் செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட வழுதாவூர், முசாபர் ஜங் அவருக்கே அளித்த ஜாகிர். பரிந்துரைத்தவரின் கையிலேயே சரக்கும் இருந்தது! அவர் பொய் சொன்னாரென்று நாம் கருதவில்லை. தம் சொந்தப் பணத்தையும் போருக்குக் கொட்டியவர் அவர். 1754இல் திருப்பி அழைக்கப்பட்டு, கம்பெனியிடம் அப்பணத்தைக் கேட்டுக் கேட்டே 1763இல் வறுமையில் இறந்தார். மெய்யாகவே நம்பியவரின் சொல்லில்தான் கேட்பவர் எளிதில் மயங்குகிறார். 1761இல் செஞ்சி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1769இல் கம்பெனியின் தனியுரிமையும் போயிற்று.

பாரிஸ் பங்குதாரருக்கு வழுதாவூர் எங்கிருக்கிறதென்று தெரிந்திருக்க வழியில்லை. நம் காலத்து முதலீட்டாளருக்கு அவ்வளவு இருள் இல்லை. நியூயார்க்கில், வெளியே புகழ்ந்த பங்குகளை உள்ளே மின்னஞ்சலில் இகழ்ந்த ஹென்றி பிளாட்ஜெட்டுக்கு 2003இல் பங்குத்தொழிலில் ஆயுள்தடை விழுந்தது. இங்கே செபி 2014இல் கொண்டுவந்த விதிகள், ஆய்வாளர் தமக்கோ தம் நிறுவனத்துக்கோ அப்பங்கில் உள்ள நலனை அறிக்கையிலேயே சொல்ல வேண்டுமென்கின்றன. தம் பரிந்துரைக்கு மாறாகத் தாமே வாங்கி விற்கவும் கூடாது.

நண்பரிடம் நாம் கேட்டது ஒன்றுதான்: அந்த வல்லுநரின் வழுதாவூர் எது? திரையின் அடியில் சிற்றெழுத்தில் ஏதோ ஓடியது, படிப்பதற்குள் போய்விட்டது என்றார். நெற்பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.