அட்டவணை போனால் நூலகமும் போனதா?



லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோடு அடுக்குமாடி ஒன்றில் என் நண்பர் குடியிருக்கிறார். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அவர் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டுச் சேமிப்பு சர்வர் என்று சொல்லலாம். 1990களிலிருந்து அவர் தயாரித்த வினாத்தாள்கள், பயிற்சித் தாள்கள், மாணவர்களின் வாய்மொழிப் பயிற்சிக் குரல்பதிவுகள் எல்லாம் அதில்தான். ஒருநாள் மாலை வீட்டில் கரண்ட் ட்ரிப் ஆனது. திரும்ப வந்தபோது பெட்டியில் செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. கோப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. எனக்குப் போன் வந்தது.

"தம்பி, ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்குது. ஆமான்னு அழுத்தட்டுமா?"

"வேண்டாம் சார்! எதையும் தொடாதீங்க. சுவிட்சை மட்டும் அணைச்சு வைங்க, நான் வரேன்."

அந்த ஒரு பொத்தானை ஏன் அழுத்தக்கூடாது என்பதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம்ம ஊரிலேயே நடந்தது.

கணினி வருவதற்கு முன்னால் நூலகத்தில் இழுப்பறைகள் இருக்கும். அதில் அட்டைகள் இருக்கும். நூல் எந்த அலமாரியில், எந்த வரிசையில் என்று அட்டை சொல்லும். ஹார்ட் டிஸ்க்கிலும் அதே ஏற்பாடுதான். கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு வேறோரிடத்தில். அந்தக் குறிப்பட்டைக்கு ஐநோடு என்று பெயர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸிலிருந்து வந்த சொல் அது. இழுப்பறை எத்தனை, எவ்வளவு இடம் காலி என்று மொத்தக் கணக்கையும் சொல்லும் தலைப்பக்கம் ஒன்றும் உண்டு. அதுதான் சூப்பர் பிளாக். இந்த முழு ஏற்பாட்டையும் கோப்பு முறைமை என்கிறோம்.

கோப்பு முறைமை கெட்டது என்றால் பெரும்பாலும் இழுப்பறைகள் கவிழ்ந்துவிட்டன என்றுதான் பொருள். நூல்கள் அலமாரியிலேயே இருக்கும். ஃபார்மட் பண்ணினால் புதிய காலி இழுப்பறைகள் வரும்; பழைய நூல்கள் மேல் புதிய நூல்களை அடுக்க அனுமதி கொடுத்தாகிவிடும்.

தொடக்க காலத்தில் கவிழ்ந்த அட்டைகளைக் கணினி இயக்குபவர்களே கையால் அடுக்கினார்கள். ஒரு தவறு செய்தால் இருந்ததும் போச்சு. 1970களின் கடைசியில் டெட் கோவால்ஸ்கி என்பவர் எஃப்.எஸ்.சி.கே. என்ற நிரலை எழுதினார். அது ஒவ்வோர் அட்டையாகப் பார்க்கும். ஒரே இடத்தை இரண்டு அட்டைகள் உரிமை கோருகின்றனவா? அட்டை இருந்தும் பெயர் இல்லாத கோப்பு உண்டா? பெயரிழந்த கோப்புகளைத் தூக்கி எறியாமல் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற தனி அறையில் எண் போட்டு வைக்கும். எம்.ஆர்.டி. நிலையத்தில் தொலைந்த குடைகளை வைப்பார்களே, அப்படி. அந்த அறை இன்றும் உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கலாம்.

தலைப்பக்கமே கிழிந்துபோனால்? அதற்கு விடை 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸில் கிடைத்தது. மார்ஷல் கிர்க் மெக்குசிக்கும் அவர் கூட்டாளிகளும் சூப்பர் பிளாக்கை ஒரே இடத்தில் வைக்காமல் டிஸ்க் முழுவதும் பல படிகள் எடுத்து வைத்தார்கள். அதிலும் ஒரு நுட்பம். டிஸ்க்குக்குள் பல தட்டுகள் இருக்கும். எல்லாப் படிகளும் ஒரே தட்டில் விழாதபடி ஒவ்வொன்றையும் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஓர் ஏட்டில் சிதைந்ததை இன்னோர் ஏட்டில்தான் தேடினார். ஊர் ஊராக வெவ்வேறு வீடுகளில் படிகள் இருந்ததால்தான் நூல் மிஞ்சியது. அது அச்சானது 1887இல். அதே 1887இல்தான் இங்கே 'சிங்கை நேசன்' இதழ் தொடங்கியது. 1890 வரை வந்தது. அதன் பக்கங்களை இன்று நாம் படிக்க முடிகிறது. ஆனால் அதற்கும் முன்னால், 1875இல் 'சிங்கை வர்த்தமானி' என்றோர் இதழ் வந்ததாகக் குறிப்பு உண்டு. பெயரும் ஆண்டும் இருக்கின்றன, படிப்பதற்கு இதழ்தான் இல்லை. என் நண்பரின் பெட்டிக்கு நேர் எதிரான இழப்பு இது. அங்கே நூல் உண்டு, அட்டை இல்லை. இங்கே அட்டை உண்டு, நூல் இல்லை. முதல் வகையை மீட்கலாம். இரண்டாம் வகைக்கு, யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது ஒரு படி இருந்தால்தான் உண்டு. எந்த வகை இழப்பு என்று தெரியுமுன் பழுதுபார்க்கத் தொடங்கினால், முதல் வகையை நாமே இரண்டாம் வகையாக்கிவிடுவோம்.

கரண்ட் போவதற்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். கணக்கியல் படித்த மாணவர்களுக்குக் குறிப்பேடு, பேரேடு இரண்டும் தெரியும். வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டுக்கு மாற்றுவோம். பாதியில் விளக்கு அணைந்தாலும் குறிப்பேட்டைப் பார்த்து மீதியை எழுதிவிடலாம். கோப்பு முறைமையும் இதையே செய்கிறது. அங்கேயும் அதற்குக் குறிப்பேடு என்றே பெயர், ஜர்னல். லினக்ஸில் 2001இல் ஈஎக்ஸ்டி3 வழியாக இது பரவலானது. 2008இல் நிலைபெற்ற ஈஎக்ஸ்டி4, இன்று பல வீட்டுப் பெட்டிகளில் ஓடுகிறது.

அப்படியானால் நண்பரின் பெட்டி கரண்ட் போனதற்காகக் கெட்டிருக்கக் கூடாதே? இந்தக் கேள்விதான் என்னையும் குடைந்தது.

விடை டிஸ்க்கில் இருந்தது. அதற்கு முன் டிஸ்க்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1980இல் சீகேட் நிறுவனம் விற்ற சிறு டிஸ்க்கின் கொள்ளளவு 5 மெகாபைட். இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றோ இரண்டோதான் அதில் அடங்கும். அந்த நிறுவனம் 1982இல் சிங்கப்பூருக்கு வந்தது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. 1990களில் உலகில் தயாரான ஹார்ட் டிஸ்க்குகளில் ஏறத்தாழப் பாதி இந்தத் தீவிலிருந்து போனது. உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒரு மாணவரின் பாட்டி அந்தத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்த்திருப்பார். சமூகப் பாடத்துக்கு நல்ல பேட்டி கிடைக்கும். பிறகு டிஸ்க்கை ஒருங்கிணைக்கும் வேலை மெல்ல மெல்ல வெளிநாடுகளுக்குப் போய்விட்டது.

நண்பரின் பெட்டியில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தது கண்ணாடி ஏற்பாட்டுக்காக. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். 1988இல் பெர்க்லியின் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை இந்த வகை ஏற்பாடுகளுக்கு ரெய்டு என்று பெயர் சூட்டியது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது தாங்கும். ஆனால் கண்ணாடி என்றால் கண்ணாடிதான். நீங்கள் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். அதைத் தனிப் படி என்று நம்பக்கூடாது.

"சார், இதுக்கு முன்னாடி பெட்டி ஏதாவது சத்தம் போட்டுச்சா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "சீனப் புத்தாண்டு சமயத்துல பீப் பீப்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. தூக்கம் வரலைன்னு அமைப்புல போய் அணைச்சுட்டேன்."

அவ்வளவுதான் விஷயம். ஒரு டிஸ்க் அப்போதே செத்துவிட்டது. மற்றது பல மாதம் ஒற்றையாக உழைத்து, அதிலும் சில இடங்கள் படிக்க முடியாமல் போயிருந்தன. கரண்ட் ட்ரிப் ஆனது காரணமல்ல, காட்டிக்கொடுத்தது மட்டும்தான். பொறுக்க முடியாத இடத்தில் சூப்பர் பிளாக்கும் மாட்டிக்கொண்டது. குறிப்பேடு அரைகுறை எழுத்திலிருந்து காப்பாற்றும். காகிதமே அரித்துப்போனால் அதனால் என்ன செய்ய முடியும்?

நாங்கள் செய்தது இதுதான். சிம் லிம் ஸ்குவேரில் ஒரு புதிய டிஸ்க் வாங்கினோம். பஃபலோ ரோட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். முதல் வேலை பழுது பார்ப்பதல்ல, படி எடுப்பது. டிடி ரெஸ்க்யூ என்ற நிரல், படிக்க முடிகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். இரவு முழுவதும் ஓடியது. அதன்பின் பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டுத் தேதி எழுதிவிட்டோம். இனி எல்லாம் படியின் மேல்தான். முதலில் எஃப்.எஸ்.சி.கே.யை 'பார்க்க மட்டும், மாற்றாதே' என்ற நிலையில் ஓட்டினோம். தலைப்பக்கம் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அப்புறம் மெக்குசிக் காலத்து யோசனை கைகொடுத்தது. ஈஎக்ஸ்டி4இல் வழக்கமாக 32768ஆம் கட்டத்தில் ஒரு மாற்றுப் படி இருக்கும். அதைக் காட்டி மறுபடி ஓட்டியதும் கணக்கு நிமிர்ந்தது.

பெரும்பாலான கோப்புறைகள் அப்படியே வந்தன. சில நூறு கோப்புகள் பெயரில்லாமல், வெறும் எண்ணோடு, லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் அறையில் கிடந்தன. குரல்பதிவுகளைக் கேட்டே அடையாளம் கண்டார் நண்பர். "இது அந்தக் கடைசி பெஞ்ச் பையன், 'ழ' வராது" என்று சிரித்தார். சில பதிவுகள் பாதியில் நின்றன. அவை போனது போனதுதான்.

ஆனால் எங்களை அதிகம் அலைக்கழித்தது கெடாத கோப்புகள். 1990களின் வினாத்தாள்கள் முழுதாகத் திறந்தன. திரையில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கோலம் போட்டதுபோல் வந்தன. இது மூன்றாம் வகை. அட்டை உண்டு, நூல் உண்டு, படிக்கும் திறவுகோல் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்தது. ஒன்றில் 'அ' இருந்த எண்ணில் மற்றொன்றில் 'ளு' இருக்கும்.

இந்தச் சிக்கலோடு போராடியவர் நம்மிடையே இருந்த ஓர் ஆசிரியர், எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார். 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் மற்ற மூன்று மொழிகளோடு தமிழும் ஏறியதற்கு அவருடைய 'கணியன்' முயற்சி காரணம். 1997 மே மாதம் இங்கே தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டி, ஆளுக்கொரு குறியீடு கூடாது என்ற பேச்சை உலகத் தமிழர்கள் நடுவே வைத்தார். 1999 மே மாதம் காலமானார். அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உத்தமம் அமைப்பு உருவானது. பின்னர் யூனிகோடு பரவியதால் இன்று நாம் இந்தக் கவலை இல்லாமல் தட்டச்சு செய்கிறோம். 2015இல் தொண்டூழியர்கள் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்னாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். நம் பயிற்சித் தாள்கள் அப்படி எந்தத் திட்டத்திலும் இல்லை. அவை நம் வீட்டுப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன.

நண்பரின் தாள்களில் பெரும்பகுதியை எழுத்துரு மாற்றி நிரல்களால் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டோம். புதிய பெட்டியில் பீப் சத்தம் அணைக்கப்படவில்லை. தனியாக இன்னொரு படி ஜூரோங்கில் அவர் மகள் வீட்டில் இருக்கிறது. பதினேழு கோப்புகள் மட்டும் எந்த மாற்றிக்கும் மசியவில்லை. எந்த எழுத்துருவில் அடித்தார் என்பது அவருக்கே நினைவில்லை. பள்ளி அலமாரியிலோ வீட்டிலோ 1990களின் தமிழ் எழுத்துரு வட்டு எதையாவது வைத்திருக்கிறீர்களா? தூக்கிப் போட்டுடாதீங்க. சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாங்க, நானும் அந்தப் பதினேழையும் கொண்டு வரேன்.